ஒரு லோரி கல் வாங்குவதற்கு முன்: வாசலுக்கு எந்த ஜல்லி, வடிகாலுக்கு எந்த ஜல்லி?

பிற்பகல் மழை அடித்து ஓய்ந்த பிறகு உங்கள் தாமானைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜல்லி கொட்டிய வாசல் ஒன்றிரண்டு கண்ணில் படும். சில வாசலில் தண்ணீர் தேங்காது, கார் சக்கரமும் பதியாது. சில வாசலிலோ இரண்டு சக்கரத் தடத்திலும் குளம் கட்டியிருக்கும். பாதிக் கல் சாலையோர லோங்காங்கில் கிடக்கும். வீட்டுக்காரர் ஜல்லிக்குச் செலவு செய்யாமல் இல்லை. பெரும்பாலும் கல்லை மாற்றி வாங்கியிருப்பார்.

முனை வீடு, செமி-டி, பங்களா, கம்பத்து வீடு, புதுக்கிராமத்து வீடு என்று கொஞ்சம் மண் தரை உள்ள எந்த வீட்டிலும் ஒருநாள் இந்தப் பேச்சு வரும். "ஒரு லோரி கல்லு கொட்டிட்டா சரியாப் போயிடும்" என்று அப்பா சொல்வார். ஹார்டுவேர் கடைக்குப் போன் போடும் வேலை உங்கள் தலையில் விழும். கடைக்காரர் முதல் கேள்வியிலேயே மடக்குவார்: "என்ன கல்லு வேணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டியது இதோ.

சுருக்கமாகச் சொன்னால்

- கார் ஏறும் இடத்துக்கு அடியில் தூள் கலந்த கல் வேண்டும். அது இறுகும்.
- தண்ணீர் வடியும் இடத்துக்குத் தூள் இல்லாத கல் வேண்டும். அது இறுகவே கூடாது.
- இரண்டையும் மாற்றிப் போட்டால் இரண்டு வேலையும் கெடும்.
- "ஒரு லோரி" என்பது அளவு இல்லை. டன் கணக்கில் கேளுங்கள்.
- ஜல்லி தண்ணீரை மறைய வைக்காது, வழி மட்டும்தான் விடும். அந்த வழி எங்கே போய் முடிகிறது என்பதை முதலில் பாருங்கள்.

உடைத்த கல்லா, உருண்ட கல்லா?

முதலில் கவனிக்க வேண்டியது கல்லின் வடிவம். குவாரியில் பாறையை உடைத்து எடுக்கும் ஜல்லிக்குக் கூரான முனைகள் இருக்கும். மேலே பாரம் ஏறினால் ஒரு கல்லின் முனை அடுத்த கல்லின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல் வழவழப்பானது. பார்க்க அழகு, காலுக்கும் இதம். ஆனால் சக்கரம் ஏறினால் கோலிக்குண்டு மாதிரி நழுவி ஓடும்.

இது 200 ஆண்டுப் பழைய பாடம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் மெக்காடம் 1810களில் இந்த முறையில்தான் சாலை போட்டார். பெரிய கற்பாளங்களை அடுக்குவதற்குப் பதிலாக, சின்னதாக உடைத்த கூரான கல்லைப் பரப்பினால் போதும், வண்டிகள் ஓட ஓடக் கற்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் என்றார். நாம் சாலைக்குச் சொல்லும் 'மெக்காடம்', 'டார்மாக்' என்ற சொற்கள் அவர் பெயரிலிருந்து வந்தவை. மலாயாவில் பொதுப்பணித் துறை சாலை போட்ட காலத்தில் அந்த வேலையில் இருந்தவர்களில் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளர்கள். உங்கள் பாட்டன், முப்பாட்டனுக்கு இந்த விஷயம் கையோடு தெரிந்திருக்கலாம்.

ஆகவே, கார் ஏறுகிற இடத்துக்கு உடைத்த கல். கூழாங்கல்லைப் பூச்செடி ஓரத்துக்கும், கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது தூள்

கல்லின் அளவைக் கேட்பவர்கள் உண்டு. "அதில் தூள் இருக்கா?" என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் அதுதான் முக்கியமான கேள்வி.

ஒரே அளவுள்ள கற்களை ஒரு வாளியில் நிரப்புங்கள். வாளி நிறைந்த மாதிரி தெரியும். ஆனால் ஏறக்குறைய 40 விழுக்காடு வெறும் இடைவெளிதான். தண்ணீர் ஊற்றினால் நேராக அடிக்குப் போய்விடும். இப்போது அதே வாளியில் சிறு கல்லையும் கல்தூளையும் கலந்து குலுக்குங்கள். இடைவெளியெல்லாம் அடைபடும். லேசாக ஈரப்படுத்தி இடித்தால் ஏறக்குறைய கான்கிரீட் மாதிரி கெட்டியாகும். தண்ணீர் இறங்கச் சிரமப்படும்.

இதில் முதல் வாளி வடிகாலுக்கு, இரண்டாவது வாளி வாசலின் அடித்தளத்துக்கு. கல் ஒன்றாகவே இருக்கலாம், தூள் சேர்ந்தவுடன் அதன் வேலை மாறிவிடுகிறது.

வடிகால் குழியில் தூள் கலந்த கல்லைப் போட்டால் முதல் இரண்டு மழைக்குத் தாங்கலாம். பிறகு தூள் அடியில் போய்ப் படிந்து குழாயின் ஓட்டைகளை அடைக்கும். அதேபோல, வாசலில் அடித்தளம் எதுவும் இல்லாமல் தூளற்ற கல்லை மட்டும் கனமாகக் கொட்டினால், கார் சக்கரம் மணலில் மாட்டின மாதிரி சுற்றும்.

கடையில் என்ன பெயர் சொல்வார்கள்?

பள்ளியில் மில்லிமீட்டர் படித்தோம். ஆனால் கல் வியாபாரத்தில் இன்னும் அங்குலம்தான் ஆட்சி செய்கிறது. அடிக்கடி காதில் விழும் பெயர்கள் இவை.

கிரஷர் ரன்: ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலக் கல்லிலிருந்து தூள் வரை எல்லாம் கலந்தது. அடித்தளத்துக்கு ஏற்றது. இறுகும்.

முக்கால் கல்: சுமார் 20 மில்லிமீட்டர். கையில் 20 சென் காசு இருந்தால் அதன் அகலத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். இதில் தூள் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். வடிகாலுக்கும் வாசலின் மேல் பரப்புக்கும் இதுவே அதிகம் பயன்படுகிறது. மலாயில் 'பத்து தீகா சுக்கு' என்பார்கள். கொஞ்சம் மண்டை குழம்பியவரையும் மலாயில் 'தீகா சுக்கு' என்று கேலி செய்வதுண்டு. அதனால் போனில் 'பத்து' என்ற சொல்லை விடாமல் சொல்லுங்கள்.

மூன்று-எட்டு கல்: அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, சுமார் 10 மில்லிமீட்டர். நடக்க வசதி. செருப்பு இடுக்கிலும் டயர் இடுக்கிலும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் கல்லும் இதுதான்.

குவாரி டஸ்ட்: கல்தூள். நடைபாதைக் கல் பதிக்கும்போது அடியில் மட்டம் பார்க்கப் போடுவார்கள். வடிகால் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

செம்மண் சரளை: மலிவாகக் கிடைக்கும், பழைய தோட்டப் பாதைகளில் பார்த்திருப்பீர்கள். காய்ந்தால் கெட்டி, நனைந்தால் சேறு. பள்ளம் நிரப்பலாம், மேல் பரப்புக்கு வேண்டாம்.

கல்லின் இனமும் கொஞ்சம் முக்கியம். தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பான தீத்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல், அதாவது கிரானைட். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கிலும் பத்துமலையிலும் தெரிவது சுண்ணாம்புக்கல். பத்துமலையில் உள்ள 'பத்து' கூட எண் இல்லை, கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்தான். மழைநீர் சுண்ணாம்புக்கல்லை மிக மெதுவாகக் கரைக்கும். பத்துமலைக் குகைகள் உருவானதும் அப்படித்தான். உங்கள் வாசல் கரைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அதற்கு யுகங்கள் ஆகும். ஆனால் சுண்ணாம்புக்கல் கிரானைட்டைவிட மென்மையானது. சக்கரம் ஏற ஏறத் தேய்ந்து வெள்ளைத் தூள் விடும். அந்தத் தூள் வடிகாலை அடைக்கும். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் கிரானைட்டையே கேளுங்கள்.

அழகுக்கு விற்கும் வெள்ளைக் கல்லும் உண்டு. வாங்கிய மாதம் பளிச்சென்று இருக்கும். நம் ஊர் ஈரத்துக்கும் நிழலுக்கும் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். அடிக்கடி கழுவப் பொறுமை இருந்தால் வாங்குங்கள்.

கார் வாசல்: எப்படி அடுக்குவது?

ஜல்லி வாசல் என்பது மேலே தெரியும் கல் மட்டுமல்ல. பலம் முழுக்க அடியில் இருக்கிறது.

1. மேல்மண்ணை எடுங்கள். புல், வேர், கறுப்பு மண் எல்லாம் மக்கி அமுங்கும். சுமார் 20 சென்டிமீட்டர் தோண்டினால் சாதாரண காருக்குப் போதும். கால் புதையும் அளவுக்கு மண் மென்மையாக இருந்தால் இன்னும் ஆழம் தேவை. தோண்டுவதற்கு முன் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. சரிவு கொடுங்கள். வீட்டிலிருந்து வெளியே பார்த்துச் சரிய வேண்டும். 50-க்கு 1 என்பது நல்ல கணக்கு. 6 மீட்டர் நீள வாசலுக்கு 12 சென்டிமீட்டர் இறக்கம். இதைவிட மிக அதிகமாகச் சரிந்தால் மழையோடு கல்லும் கீழே போகத் தொடங்கும்.

3. ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். இது இல்லையென்றால், கார் ஏற ஏற ஜல்லி சேற்றுக்குள் இறங்கும், சேறு ஜல்லிக்குள் ஏறும். இரண்டு வருடம் கழித்து "கல்லெல்லாம் எங்கே போச்சு?" என்று தேடுவீர்கள். கல் எங்கேயும் போகவில்லை, மண்ணுக்குள் இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தாள் இதற்கு மாற்று இல்லை. அது தண்ணீரைத் தடுத்துக் குளம் கட்டும்.

4. கிரஷர் ரன் 10 முதல் 15 சென்டிமீட்டர். ஒரே தடவையில் கொட்டி இடிக்காதீர்கள். மேல் பகுதி மட்டும்தான் இறுகும். 7 அல்லது 8 சென்டிமீட்டர் ஓர் அடுக்கு, இடிக்க வேண்டும். பிறகு அடுத்த அடுக்கு, மறுபடி இடிக்க வேண்டும். அதிர்ந்து இடிக்கும் பிளேட் கம்பாக்டர் வாடகைக்குக் கிடைக்கும். கல் லேசாக ஈரமாக இருக்கட்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் சொட்டக் கூடாது.

5. மேலே முக்கால் கல் 5 சென்டிமீட்டர். அதற்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் அழகு கூடாது, சக்கரம்தான் புதையும்.

6. ஓரம் கட்டுங்கள். செங்கல், கெர்ப் கல், எது வேண்டுமானாலும் சரி. ஓரம் இல்லாத ஜல்லி ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து புல்லுக்கும் சாலைக்கும் போய்விடும்.

மோட்டார் சைக்கிள் நிறுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்சாயின் பக்க ஸ்டாண்டு ஜல்லியில் இறங்கி வண்டி சாயும். நிறுத்தும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லைப் பதித்து விடுங்கள்.

வடிகால் குழி: கல்லுக்குள் ஓடும் தண்ணீர்

சுவரோரம் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறதா? பின்பக்க மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கி அடுப்படிச் சுவரில் ஈரம் ஏறுகிறதா? அப்போது உதவுவது 'பிரெஞ்சு டிரெய்ன்' என்று சொல்லப்படும் ஜல்லி வடிகால். பிரான்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்ற அமெரிக்கர் 1859-இல் வயல் வடிகால் பற்றிய நூலில் இந்த முறையை விளக்கிப் பரவலாக்கினார். பெயர் அவருடையது.

வேலை எளிமையானது. 30 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி. உள்ளே நெய்யப்படாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி. அடியில் 5 சென்டிமீட்டர் முக்கால் கல். அதன் மேல் ஓட்டை போட்ட பிவிசி குழாய். சுற்றியும் மேலும் கல். கடைசியில் துணியை மேலே மடித்து மூடிவிட வேண்டும், மண் உள்ளே வரக் கூடாது.

குழாயின் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். "மேலிருந்துதானே தண்ணி வருது?" என்று தோன்றும். ஆனால் தண்ணீர் முதலில் குழியின் அடியில் சேர்ந்து, அங்கிருந்து மேலே ஏறுகிறது. ஓட்டை கீழே இருந்தால் கொஞ்சம் ஏறியதுமே குழாய்க்குள் நுழைந்து ஓடிவிடும். குழாய்க்கு 100-க்கு 1 சரிவாவது வேண்டும். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். நாம் சொன்ன குழி 10 மீட்டர் நீளம் என்றால் அதன் கொள்ளளவு 1.35 கன மீட்டர். அதில் 40 விழுக்காடு இடைவெளி. அதாவது சுமார் 540 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பெரிதாகத் தெரிகிறதா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மணிக்கு 60 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையை ஜே.பி.எஸ் எனும் வடிகால் நீர்ப்பாசனத் துறை மிகக் கனத்த மழை என்று வகைப்படுத்துகிறது. அந்த வேகத்தில் 50 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் விழும் தண்ணீர் 3,000 லிட்டர். குழி பத்தே நிமிடத்தில் நிரம்பிவிடும்.

ஆகவே குழிக்கு வெளியேறும் வழி கட்டாயம் வேண்டும். "மண்ணே உறிஞ்சிக்கும்" என்ற நம்பிக்கை மணல்பாங்கான மண்ணில் பலிக்கலாம். கிள்ளான், பந்திங் போன்ற கரையோரக் களிமண்ணில் பலிக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை சில மணி நேரத்தில் வடிந்தால் மண் ஒத்துழைக்கும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் ஒத்துழைக்காது.

சரி, எவ்வளவு வேணும்?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். வருவது கன மீட்டர். தளர்வாகக் கொட்டிய முக்கால் கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.5 டன். கிரஷர் ரன் சுமார் 1.6 டன்.

எடுத்துக்காட்டு: 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள கார் வாசல்.

அடித்தளம், 15 சென்டிமீட்டர் கிரஷர் ரன்: 6 x 3 x 0.15 = 2.7 கன மீட்டர். இது இடித்த பிறகு இருக்க வேண்டிய அளவு. இடித்தால் கல் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சுமார் 3.4 கன மீட்டர். 1.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5.5 டன்.

மேல் பரப்பு, 5 சென்டிமீட்டர் முக்கால் கல்: 6 x 3 x 0.05 = 0.9 கன மீட்டர். 1.5-ஆல் பெருக்கினால் 1.35 டன். சேதாரத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 1.5 டன்.

வடிகால் குழி 10 மீட்டர்: 1.35 கன மீட்டர். குழாய் பிடிக்கும் இடம் சொற்பம். 2 டன் முக்கால் கல் போதும்.

அளவு நாடாவில் அடிக்கணக்கு மட்டும்தான் இருக்கிறதா? மூன்றையும் அடியில் பெருக்கி, வந்ததை 35.3-ஆல் வகுத்தால் கன மீட்டர். 6 அங்குலம் என்றால் அரை அடி என்று போட மறந்துவிடாதீர்கள். பிழை அதிகம் வரும் இடம் அதுதான்.

'ஒரு லோரி' என்றால் எவ்வளவு?

யாருடைய லோரி என்பதைப் பொறுத்தது. சின்ன லோரி, பத்துச் சக்கர லோரி, இரண்டும் ஒரு லோரிதான். ஒரே லோரியிலும் குவித்து ஏற்றலாம், மட்டமாகவும் ஏற்றலாம். அதனால் விலையை விசாரிக்கும்போது ஒவ்வொரு கடையிலும் டன்னுக்கு எவ்வளவு என்றே கேளுங்கள். லோரிக் கணக்கில் மலிவாகத் தெரிவது டன் கணக்கில் விலை கூடியதாக இருக்கலாம்.

குவாரியிலிருந்து நேராக வரும் லோரிக்கு எடைச் சீட்டு இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை, வழக்கமான விஷயம்தான். ஹார்டுவேர் கடை முற்றத்திலிருந்து வருகிறது என்றால் சீட்டு இருக்காது. அப்போது லோரித் தொட்டியின் நீளம், அகலம், கல் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்தால் கன மீட்டர் தெரிந்துவிடும். இன்னொன்று: மழையில் நனைந்த கல்லை எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

கல் விலையில் போக்குவரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குவாரி பக்கத்தில் இருந்தால் மலிவு, தூரம் என்றால் விலை ஏறும். அதனால் ஈப்போவில் மாமா கொடுத்த விலையை வைத்துக்கொண்டு கோலாலம்பூர்க் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்கும் கல் தேவை என்றால் சேர்ந்து ஒரே நடையில் இறக்குவது இருவருக்கும் லாபம்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

"அண்ணே வணக்கம். கார் போர்ச்சுக்குக் கல் வேணும். கிரஷர் ரன் 5.5 டன், முக்கால் கல் 3.5 டன். முக்கால் கல்லு தூள் இல்லாம, கிரானைட்டா இருக்கணும். ரெண்டையும் கலக்காம தனித்தனியா இறக்கணும். எங்க லோரோங் குறுகல், பெரிய லோரி திரும்ப முடியாது. டன்னுக்கு என்ன விலை, லோரி வாடகை சேர்த்தா தனியா? எடைச் சீட்டு கிடைக்குமா? சனிக்கிழமை காலைல இறக்க முடியுமா?"

இந்த ஒரு செய்தியில் வகை, அளவு, தூள், எடை, வாடகை, நாள் எல்லாம் வந்துவிட்டது. பின்னால் ஏதாவது மாறி வந்தாலும் காட்டுவதற்கு எழுத்தில் இருக்கிறது.

லோரி வரும் நாளில்

தலைக்கு மேல் பாருங்கள். தொட்டியைத் தூக்கும்போது லோரி நிற்கும் உயரத்தைவிட வெகு மேலே போகும். மின்கம்பி, இணையக் கம்பி, மரக்கிளை ஏதும் குறுக்கே இருக்கக் கூடாது.

காலுக்குக் கீழேயும் பாருங்கள். கேட்டுக்கு முன்னால் லோங்காங்கை மூடியிருக்கும் கான்கிரீட் பலகை காருக்காகப் போட்டது. கல் ஏற்றிய லோரி ஏறினால் உடையலாம். கழிவுநீர்த் தொட்டி மூடியும் அப்படித்தான். சரிந்த தரையில் தொட்டியைத் தூக்கினால் லோரியே சாய்ந்துவிடும். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும் முன் ஒரு கைப்பிடி கல்லை எடுத்து ஒரு பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். முக்கால் கல் என்று சொன்ன லோரியில் தண்ணீர் சேறாகக் கலங்கினால், வடிகாலுக்கு அது ஆகாது. கீழே கொட்டிய பிறகு திருப்பி ஏற்றச் சொல்வது நடக்காத காரியம். பேச வேண்டியதைத் தொட்டி தூக்கும் முன் பேசிவிடுங்கள்.

காய்ந்த கிரானைட் தூளில் சிலிக்கா உண்டு. நுரையீரலுக்கு நல்லதல்ல. வாரும்போது முகக்கவசம் போடுங்கள், கல்லைக் கொஞ்சம் நனைத்துக்கொள்ளுங்கள்.

வேலி தாண்டினால் வேறு கணக்கு

உங்கள் கல் உங்கள் வேலிக்குள் இருக்கும் வரை அது உங்கள் விஷயம். சாலையில் கொட்டி வைத்தால் அது பொது இடத்துக்கு இடையூறு. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றம் நடவடிக்கை எடுக்கலாம். இடம் இல்லாமல் வெளியே இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், முன்கூட்டியே மன்றத்திடம் கேளுங்கள். அன்றைக்கே உள்ளே வாரிவிடும்படி ஆள் வைத்துக்கொள்ளுங்கள், கேன்வாஸ் போட்டு மூடுங்கள். ஒரு நல்ல மழை போதும், குவியலின் ஓரம் லோங்காங்கில் இறங்கிவிடும். அந்த வரிசை முழுக்கத் தண்ணீர் தேங்கும்.

வீட்டுக்கு வெளியே உள்ள லோங்காங்கும் உங்களுடையது இல்லை. அதில் கல் நிரப்புவது, மூடுவது, உடைத்துக் குழாய் சொருகுவது எல்லாவற்றுக்கும் மன்றத்தின் அனுமதி தேவை. மழைநீரை அது விழுந்த இடத்திலேயே தாமதப்படுத்தி மெதுவாக விட வேண்டும் என்பதுதான் ஜே.பி.எஸ் 2001 முதல் நடைமுறைப்படுத்தி வரும் 'மெஸ்ரா ஆலாம்' வடிகால் கையேட்டின் அடிப்படை. முழுக்க சிமெண்ட் பூசிய முற்றத்திலிருந்து தண்ணீர் ஒரே மூச்சில் வெளியே பாயும். துளையுள்ள தரையும் ஜல்லி வடிகாலும் அதைக் கொஞ்சமாவது பிடித்து வைக்கும்.

அக்கம்பக்கம்தான் கடைசி வார்த்தை. உங்கள் பின்கட்டை உயர்த்திக் கல் கொட்டினால், இதுவரை உங்கள் பக்கம் நின்ற தண்ணீர் எங்கே போகும்? தாழ்ந்த பக்கத்து வீட்டுக்கு. வேலையைத் தொடங்கும் முன் வேலியோரம் நின்று "அக்கா, இந்தப் பக்கம் மட்டம் மாத்தப் போறோம், உங்க பக்கம் தண்ணி வந்தா உடனே சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முதல் மழைக்கு இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள்.

யாருக்கு ஜல்லி வேண்டாம்?

சக்கர நாற்காலி, நடைக்கம்பு பயன்படுத்தும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் யோசியுங்கள். தளர்ந்த கல்லில் சக்கரம் உருளாது, கம்பு ஊன்றாது. ஜல்லிதான் வேண்டும் என்றால், கேட்டிலிருந்து கதவு வரை ஒரு மீட்டர் அகலத்துக்காவது கெட்டித் தரை விடுங்கள். அவசரத்தில் ஆம்புலன்ஸ் தள்ளுபடுக்கை வருவதற்கும் அந்தப் பாதை உதவும்.

வாசல் செங்குத்தாகச் சரிந்திருந்தாலும் ஜல்லி நிற்காது. சிமெண்ட் அல்லது நடைபாதைக் கல்தான் வழி.

பராமரிப்பும் கொஞ்சம் உண்டு. மாதம் ஒருமுறை வாரியால் சமன் செய்ய வேண்டும். விழும் இலையை அள்ள வேண்டும். மக்கிய இலைதான் களைக்கு எரு. ஒரு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே கொஞ்சம் கல் சேர்க்க வேண்டிவரும். சக்கரத் தடத்தில் தண்ணீர் நின்றால் உடனே நிரப்புங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வளாகத்தில் ஏடிஸ் பெருக விட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் அபராதமும் உண்டு. தண்ணீரை விரட்டப் போட்ட கல்லில் தண்ணீர் தேங்கினால் அந்தச் செலவுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

போன் போடும் முன் ஐந்து கேள்வி

- இந்த இடத்தில் கார் ஏறுமா, தண்ணீர் வடியுமா? இரண்டும் என்றால் எந்த அடுக்கு எதற்கு?
- தூள் கலந்ததா, தூள் இல்லாததா?
- எத்தனை டன்? இடித்தால் அமுங்கும் பங்கைச் சேர்த்தாகிவிட்டதா?
- லோரி எங்கே நிற்கும், எங்கே கொட்டும்?
- கடைசியில் தண்ணீர் எங்கே போகும்?

முதல் நான்குக்கும் பதில் இருந்து ஐந்தாவதுக்கு இல்லையென்றால் இன்னும் கல் வாங்காதீர்கள். அடுத்த மழைக்கு ஒரு குடையோடு வெளியே போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்து ஆர்டர் செய்யுங்கள்.